கனவைக் கேட்ட செவிகள்

மனிதன் முற்றிலும் தனித்துக் காணும் காட்சி ஒன்று உண்டென்றால் அது கனவுதான். ஒரே பாயில் உறங்கும் கணவனும் மனைவியும்கூட ஒரே கனவைக் காண்பதில்லை. கண்டவர் வாய்திறந்து சொன்னாலன்றி, அப்படியொரு கனவு வந்து போனதன் சுவடே மற்றவருக்குத் தெரியாது. ஆகவே கனவின் வரலாறு என்று நாம் எதை எழுதப் புகுந்தாலும், அது கனவு சொல்லப்பட்ட வரலாறாகவும் கேட்கப்பட்ட வரலாறாகவுமே முடிகிறது.

இல்லறத்தில் இருப்போருக்கு அக்கனவைக் கேட்கும் முதற்செவி வாழ்க்கைத் துணையின் செவியாகும். துணையைப் பற்றிக் கண்ட கனவைத் துணையிடமே சொல்ல நேரும்போது, அந்தச் செவியின் பொறுப்பு இரட்டிப்பாகிறது. இப்பொறுப்பை நம் முன்னோர் எவ்வாறு உணர்ந்திருந்தனர்? கனவு காணும்போதே 'இது கனவு' என்று அறிந்திருக்கும் அரிய நிலையைப் பற்றிச் சொன்னவர்களை உலகம் எவ்வாறு நடத்தியது? இவ்விரு வினாக்களையும் ஒருசேர வைத்து வரலாற்றின் சில பக்கங்களைப் புரட்டுவோம்.

மடியில் விழுந்த மதி

கைபரைச் சேர்ந்த ஹுயையின் மகளார் ஸஃபிய்யா, கினானா என்பவருக்கு மனைவியாக இருந்த நாளில் ஒரு கனவு கண்டார். வானத்து முழுமதி தம் மடியில் வந்து விழக் கண்டார். விடிந்ததும், மனைவியர் செய்வது போலவே, அதைத் தம் கணவரிடம் சொன்னார். கணவரோ அக்கனவை மனைவியின் உள்ளத்தில் மறைந்திருந்த ஆசையின் சான்றாக எடுத்துக்கொண்டார். ஹிஜாஸின் தலைவராகிய முஹம்மதையே நீ நாடுகிறாய் என்று குற்றம் சாட்டி அவர் முகத்தில் அறைந்தார். ஹிஜ்ரி 7ஆம் ஆண்டில் (கி.பி. 628) கைபர் வெற்றிக்குப் பின்னர் அம்மாதரசி அண்ணல் நபி (ஸல்) அவர்களின் முன்னிலைக்கு வந்தபோதும் அந்த அடியின் தழும்பு கண்ணருகே மாறாதிருந்தது. அண்ணலார் காரணம் வினவ, அவர் நடந்ததைச் சொன்னார் என்று இப்னு இஸ்ஹாக்கின் வழியாக வந்த வரலாறு கூறுகிறது.

இந்நிகழ்ச்சியில் நாம் ஊன்றிப் பார்க்க வேண்டியது ஒன்று உண்டு. ஸஃபிய்யா (ரலி) அவர்கள் எதையும் செய்யவில்லை. எதையும் விரும்பியதாகச் சொல்லவும் இல்லை. உறக்கத்தில் வந்த ஒரு காட்சியை ஒளிக்காமல் சொன்னார், அவ்வளவே. அந்த நேர்மைக்குக் கிடைத்த கூலி ஓர் அறை. அதே கனவை மறுமுறை அவர் சொன்னபோது கேட்ட செவி வேறாக இருந்தது. அங்கே அவருடைய தழும்பைப் பற்றிய கேள்வி முதலில் வந்தது. கனவு அதன் பின்னரே வந்தது.

அண்ணலார் தாமும் துணைவியைப் பற்றிய கனவு கண்டவர்களே. ஆயிஷா (ரலி) அவர்களை மணப்பதற்கு முன், பட்டுத் துணியில் ஓர் உருவத்தை ஏந்திவந்த வானவர், இவர் உங்கள் மனைவி என்று அறிவித்ததையும், துணியை விலக்கியபோது உள்ளே ஆயிஷாவைக் கண்டதையும் அண்ணலார் பின்னர் அவர்களிடமே எடுத்துரைத்தார்கள். இது புகாரியிலும் முஸ்லிமிலும் பதிவாகியுள்ளது. கனவு கண்ட வேளையில் அண்ணலாரின் உள்ளத்தில் எழுந்த எண்ணம் இங்கே முக்கியமானது. இது இறைவனிடமிருந்து வந்ததாயின் அவனே இதை நிறைவேற்றுவான் என்று மட்டுமே எண்ணி அமைந்தார்கள். கனவை ஆயுதமாக்கி எவரையும் வற்புறுத்தவில்லை. உரிய காலத்தில், உரியவரிடம் சொன்னார்கள்.

நம் தமிழும் இதை அறியும். உமறுப்புலவர் பாடிய சீறாப்புராணத்தில், அண்ணலாரின் திருமணத்தைப் பாடும் மணம்புரி படலத்துக்கு முன்னால் 'கதீஜா கனவு கண்ட படலம்' என ஒரு தனிப் படலமே அமைந்திருக்கிறது. ஒரு பெண்மணியின் கனவுக்குக் காப்பியத்தில் தனியிடம் தந்த மரபு நம்முடையது.

சொல்லும் ஒழுக்கம்

கனவைப் பற்றி நபிமொழிகள் வகுத்துத் தந்த ஒழுக்கம் பெரும்பாலும் சொல்லுதலைப் பற்றியதே. நல்ல கனவு கண்டவர் தம்மை நேசிப்போரிடம் மட்டும் அதைச் சொல்லட்டும். அஞ்சத்தக்க கனவு கண்டவர் இறைவனிடம் பாதுகாவல் தேடி, இடப்பக்கம் மும்முறை இலேசாக உமிழ்ந்து, படுத்திருந்த பக்கத்தை மாற்றிக்கொண்டு, அதை எவரிடமும் சொல்லாதிருக்கட்டும். அது அவருக்குத் தீங்கு செய்யாது. தம் தலை வெட்டுண்டு உருண்டோட, அதன் பின்னே தாம் ஓடுவதாகக் கனவு கண்டு வந்து சொன்ன ஒருவரிடம், உறக்கத்தில் ஷைத்தான் ஆடிய விளையாட்டை மக்களிடம் சொல்லித் திரியாதீர் என்று அண்ணலார் அறிவுறுத்தியதாக முஸ்லிம் தொகுப்பு கூறுகிறது.

இவ்வொழுக்கம் ஒரு மருந்தாகவும் இருந்தது. தாபியீன்களில் ஒருவரான அபூ ஸலமா, தாம் காணும் கனவுகளால் நோயுற்றுப் படுத்துவிடும் அளவுக்கு வருந்தியதுண்டு. அபூ கதாதா (ரலி) அவர்களிடம் அதைச் சொன்னபோது, தமக்கும் அதே துன்பம் இருந்ததையும், மேற்சொன்ன நபிமொழியைக் கேட்டபின் அது தீர்ந்ததையும் அந்த நபித்தோழர் எடுத்துரைத்தார்.

காணாத கனவைக் கண்டதாகச் சொல்வதற்கோ கடுமையான எச்சரிக்கை இருக்கிறது. அத்தகையோர் மறுமையில் இரண்டு வாற்கோதுமை மணிகளை ஒன்றோடொன்று முடிச்சிடும்படி பணிக்கப்படுவர்; அவர்களால் அது முடியாது. கனவுக்குச் சாட்சி கிடையாது என்பதால்தான் பொய்க்கு இவ்வளவு பெரிய தண்டனை. யூசுஃப் (அலை) அவர்களின் கனவைக் கேட்ட தந்தை யஃகூப் (அலை) அவர்கள், அதை உடன்பிறந்தாரிடம் சொல்ல வேண்டாமெனத் தடுத்த செய்தியைத் திருமறையில் நாம் அனைவரும் ஓதியிருக்கிறோம். கனவு உண்மையாகவே இருந்தாலும், கேட்போரின் உள்ளத்தை அளந்தே சொல்ல வேண்டும் என்பது அதன் படிப்பினை.

பஸராவில் வாழ்ந்து ஹிஜ்ரி 110இல் (கி.பி. 729) மறைந்த முஹம்மது இப்னு ஸீரீன் (ரஹ்) அவர்களின் பெயர் கனவு விளக்கத்தில் நிலைத்துவிட்டது. இருவர் ஒரே கனவைச் சொல்லி வந்தனராம். பாங்கு சொல்வதாகக் கண்டனராம். ஒருவர் ஹஜ்ஜுச் செய்வார் என்றும், மற்றவர் திருட்டுக் குற்றத்தில் அகப்படுவார் என்றும் அவர் விளக்கம் தந்ததாக அவர் பெயரால் ஒரு செய்தி வழங்குகிறது. கனவைவிடக் கண்டவரையே அவர் முதலில் படித்தார் என்பது அதன் கருத்து. இன்று அவர் பெயரைத் தாங்கி விற்கப்படும் கனவுப் பலன் நூல்கள் அவர் எழுதியவையல்ல, பிற்காலத்தவர் தொகுத்தவை. ஆளைப் பாராமல் அகராதியைப் பார்த்துப் பலன் சொல்வது அப்பெரியாரின் வழியும் அன்று.

திர்மித் நகரின் மாதரசி

ஆமூ நதிக்கரையில், இன்றைய உஸ்பெகிஸ்தானத்தில், திர்மித் என்ற பழம்பதி இருக்கிறது. ஹிஜ்ரி மூன்றாம் நூற்றாண்டில் அங்கே வாழ்ந்த ஞானி அல்ஹகீம் அத்திர்மிதி (ரஹ்). ஹதீஸ் தொகுப்பால் புகழ்பெற்ற இமாம் திர்மிதியும் இவரும் வேறானவர். இந்த ஞானி தம் ஆன்மிக வாழ்க்கையின் தொடக்கத்தைச் சிறு நூலாக எழுதினார். இஸ்லாமிய உலகில் எழுந்த மிகப் பழைய தன்வரலாறுகளுள் ஒன்றாக அது மதிக்கப்படுகிறது.

அந்நூலின் பெரும்பகுதி கனவுகளால் ஆனது. அவர் தாமே கண்டவை சில. வேறு சிலர் அவரைப் பற்றிக் கண்டவை சில. ஆயின் அவற்றுள் நெஞ்சைக் கவர்வன அவருடைய மனைவி கண்டவையே. அக்காலம் அவருக்குச் சோதனைக் காலமாக இருந்தது. இறைக் காதலைப் பற்றிப் பேசி மக்களைக் கெடுக்கிறார், நபித்துவம் கோருகிறார் என்றெல்லாம் அவர்மீது பழி எழுந்தது. பல்கு நகரின் ஆளுநர் முன் அவர் நிறுத்தப்பட்டார். காதலைப் பற்றிப் பேசுவதில்லை என்று எழுதிக் கொடுக்க நேர்ந்தது. ஊரே வாயடைத்த மனிதருக்கு இல்லத்துள் ஒரு குரல் ஆறுதலாக ஒலித்தது. மனைவி உறங்கி எழுந்து, தம் கனவில் கணவருக்கென்று சொல்லப்பட்ட செய்தியை அவரிடம் சேர்ப்பித்தார்.

கணவர் அதைக் கேட்டதோடு நிற்கவில்லை, எழுதியும் வைத்தார். அரபு மொழியில் எழுதப்பட்ட அந்நூலின் இடையே, அம்மையார் கண்ட கனவுகளில் ஒலித்த பாரசீகச் சொற்கள் அப்படியே நிற்கின்றன. கற்றோர் மொழியில் நூல் செய்தவர், வீட்டு மொழியில் வந்த சொல்லை மாற்றிவிடாமல் காத்தார் என்றால், கேட்ட சொல்லுக்கு அவர் தந்த மதிப்பு அத்தகையது.

இன்னொன்றும் அந்நூலில் தெரிகிறது. தொடக்கத்தில் அம்மையாரின் கனவுகள் கணவரைப் பற்றியவை. அவர் தூது சுமப்பவர் மட்டுமே. நாளடைவில் அந்நிலை மாறுகிறது. இறுதியில் அக்காட்சிகள் அம்மையாருடைய சொந்த ஆன்மிக உயர்வைச் சொல்வனவாகின்றன. இறைவனின் திருநாமங்களைப் பற்றிய அறிவு அவர் உள்ளத்திலேயே திறக்கிறது. தம் மனைவி தமக்குச் செய்தி கொணர்பவர் என்ற நிலையிலிருந்து தாமே ஒரு பயணி என்ற நிலைக்கு வந்ததையும் கணவர் தம் கைப்படப் பதிந்தார். ஆயினும் அம்மாதரசியின் பெயரை அவர் எங்கும் எழுதவில்லை. ஆயிரத்து நூறு ஆண்டுகளுக்குப் பின் நாம் அவருடைய கனவுகளை அறிகிறோம், பெயரை அறியோம்.

மூன்று நூற்றாண்டுகளுக்குப் பின் வந்த இப்னு அரபி (ரஹ்) (கி.பி. 1165–1240) அக்குறையைச் செய்யவில்லை. தம் மனைவி மர்யம் பின்த் முஹம்மது இப்னு அப்தூன் அவர்களைத் தம் பெருநூலாகிய ஃபுதூஹாத்தில் பெயர் சொல்லியே குறிப்பிட்டார். அம்மையார் உறக்கத்தில் ஒருவரைக் கண்டார். இறைவழியை நாடுகிறாயா என்று அவர் வினவ, நாடுகிறேன், ஆயின் அடையும் வழியறியேன் என்று அம்மையார் மறுமொழி கூறினார். இறைவனையே சார்ந்திருத்தல், உறுதிப்பாடு, பொறுமை, திடசித்தம், வாய்மை ஆகிய ஐந்தினால் அடையலாம் என்று அக்கனவில் அறிவிக்கப்பட்டது. மனைவி இதை உரைத்தபோது, மாபெரும் அறிஞராகிய கணவர், அதுவே ஞானியர் கூட்டத்தாரின் வழி என்று ஒப்புக்கொண்டார். நான் அறியாததா உனக்குத் தெரியப் போகிறது என்று தள்ளியிருந்தால், அந்த ஐந்து சொற்களும் அன்றே மறைந்திருக்கும்.

கனவை வழிநடத்த முடியுமா?

இதுவரை நாம் பார்த்தவை தாமாக வந்த கனவுகள். வேண்டிய கனவை வரவழைக்கவும், கனவினுள் விழிப்போடு இருக்கவும் மனிதனால் முடியுமா என்ற ஆராய்ச்சியும் பழையதே. உறங்குகிறவனின் உள்ளத்தில் ஏதோ ஒன்று, காண்பது கனவே என்று சொல்வதுண்டு என அரிஸ்டாட்டில் குறித்துச் சென்றார். வரலாற்றறிஞர் இப்னு கல்தூன் (கி.பி. 1332–1406), உறங்கப் போகும்முன் சில சொற்களைக் கூறித் தம் தேவையை மனத்தில் நிறுத்தினால் அதற்குரிய கனவு வரும் என்று சிலர் எழுதியிருப்பதைத் தம் முகத்திமாவில் எடுத்துக் காட்டினார். தாமே அதைச் செய்து பார்த்து, தம்மைப் பற்றி அறிய விரும்பிய சிலவற்றைக் கனவில் அறிந்துகொண்டதையும் மறைக்காமல் எழுதினார். ஆனால் உடனே ஓர் எல்லையும் இட்டார்: கனவை நாடுவதால் கனவு உண்டாகிவிடும் என்பதற்கு இது சான்றாகாது, அச்சொற்கள் உள்ளத்தைப் பக்குவப்படுத்துகின்றன, அவ்வளவே. செய்து பார்த்த துணிவும் எல்லை மீறாத அடக்கமும் ஒருவரிடமே சேர்ந்திருந்ததை நாம் வியக்காமல் இருக்க முடியாது.

ஐரோப்பாவில் இவ்வாராய்ச்சியைத் தம் வாழ்நாள் பணியாகக் கொண்டவர் பிரெஞ்சு நாட்டின் எர்வே தெ சேன் தெனி (1822–1892). சீன மொழிப் பேராசிரியராக விளங்கிய இவர், இளமை முதலே ஒவ்வொரு காலையும் தம் கனவுகளை எழுதிவந்தார். 22 குறிப்பேடுகளில் 1,946 இரவுகளின் கனவுகள் சேர்ந்தன. நாளடைவில், கனவு காணும்போதே அதைக் கனவென அறியும் பழக்கம் அவருக்குக் கைவந்தது. அவர் செய்த சோதனை ஒன்று நம் பொருளோடு நெருங்கியது. மேட்டுக்குடியினரின் நடன விருந்துகளில், இன்ன பெண்மணியுடன் ஆடும்போது இன்ன இசையை மட்டுமே வாசிக்க வேண்டும் என்று வாத்தியக் குழுத் தலைவரிடம் ஏற்பாடு செய்துகொண்டார். இருவருக்கு இரண்டு மெட்டுகள். பின்னர் அம்மெட்டுகளை ஒலிக்கும் இசைப்பெட்டியை ஒரு கடிகாரத்தோடு இணைத்து, தாம் உறங்கும் வேளையில் ஒலிக்கச் செய்தார். எந்த மெட்டு ஒலித்ததோ அதற்குரிய பெண்மணி கனவில் தோன்றினார். செவிவழிப் புகுந்த ஒலி ஒருவரின் உருவத்தைக் கனவுக்குள் அழைத்து வரக்கூடும் என்று அவர் கண்டுகொண்டார்.

தம் ஆராய்ச்சியை 1867இல் நூலாக வெளியிட்டபோது, அவர் அதில் தம் பெயரைப் போடவில்லை. 1900ஆம் ஆண்டுக் கனவு நூலால் உலகப் புகழ் பெற்ற சிக்மண்ட் பிராய்டு, எவ்வளவோ முயன்றும் அந்நூல் தமக்குக் கிட்டவில்லை என்று எழுத நேர்ந்தது.

நம்பப்படாத சாட்சிகள்

டச்சு நாட்டு மனநல மருத்துவரும் எழுத்தாளருமான பிரெடரிக் வான் ஏடன் (1860–1932) இத்தகைய கனவுக்குத் 'தெளிவுக் கனவு' என்ற பொருளில் பெயரிட்டு அதை ஆங்கில வழக்கில் ஊன்றினார். 1898 முதல் 1912 வரை தாம் கண்ட 352 தெளிவுக் கனவுகளை அவர் பதிந்து வைத்திருந்தார். ஆனால் அவற்றை அறிவியல் கட்டுரையாக உடனே சொல்லிவிடவில்லை. 1909இல் 'இரவு மணமகள்' என்று பொருள்படும் தலைப்பில் ஒரு நாவல் எழுதினார். கதை என்ற போர்வை இருந்ததால் நுண்மையான செய்திகளைத் தடையின்றிச் சொல்ல முடிந்தது. 1913இல்தான் தம் பெயரில் கட்டுரையாக வெளிப்படையாகச் சொன்னார். ஒருவர் பெயரை மறைத்தார்; மற்றவர் கதைக்குள் மறைந்தார். எள்ளி நகையாடும் செவிகளுக்கு அஞ்சிச் சொல்வோர் சொல்லும் விதத்தை மாற்றிக்கொள்வது எக்காலத்திலும் நடப்பதே.

சாட்சியில்லாத இக்கூற்றுக்குச் சாட்சி தேட ஒரு வழி பின்னர் பிறந்தது. உறக்கத்தில் விழிகள் விரைந்து அசையும் ஒரு கட்டம் உண்டென்பதை 1953இல் சிகாகோவில் அசெரின்ஸ்கியும் கிளைட்மனும் வெளியிட்டனர். தெளிந்த கனவுகள் பெரும்பாலும் அக்கட்டத்தில்தான் தோன்றும். அப்போது உடலின் தசைகள் கட்டுண்டு கிடக்கும். விழிகள் மட்டும் அசையும். அப்படியாயின், கனவு காண்பவர் முன்னரே பேசி வைத்தபடி விழிகளை அசைத்துச் செய்தி அனுப்பலாம் அல்லவா? 1975 ஏப்ரலில் இங்கிலாந்தின் ஹல் பல்கலைக்கழகத்தில் கீத் ஹேர்ன் என்ற ஆய்வாளர் இதைச் சோதித்தார். உறங்கிக்கொண்டிருந்த ஆலன் வோர்ஸ்லி, முன்பே பேசியபடி விழிகளை இடமும் வலமும் எட்டு முறை அசைத்தார். கருவி அதை வரைந்து காட்டியது. கனவின் உள்ளிருந்து ஒருவர் வெளியுலகுக்குக் குறிப்புக் காட்டிய நிகழ்ச்சி அது.

ஆயினும் இச்செய்தி பரவவில்லை. அமெரிக்காவில் ஸ்டான்போர்டு பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஸ்டீபன் லாபெர்ஜ் தனியே இதே வழியைக் கண்டு, தம் துணை ஆய்வாளர்களுடன் எழுதிய கட்டுரை 1981இல் அச்சேறியது. உறங்குபவர் எப்படி அறிவோடு இருக்க முடியும் என்ற ஐயத்தால் அதற்கு முன் மறுப்புகளையும் அவர் சந்தித்தார். 2021இல் வெளியான ஓர் ஆய்வில், அமெரிக்கா, பிரான்சு, ஜெர்மனி, நெதர்லாந்து ஆகிய நான்கு நாடுகளின் ஆய்வுக்கூடங்களில் 36 பேர் பங்கேற்றனர். உறங்குவோரிடம் சிறு கணக்குகள் கேட்கப்பட்டன. சிலர் கனவிலிருந்தபடியே விழியசைவாலும் முகத்தசை அசைவாலும் சரியான விடை தந்தனர். வாழ்நாளில் ஒருமுறையேனும் தெளிவுக் கனவு கண்டவர்கள் ஏறத்தாழ 55 விழுக்காட்டினர் என்று, பல ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்த 2016ஆம் ஆண்டுக் கட்டுரை கூறுகிறது. அரிஸ்டாட்டில் காலந்தொட்டுச் சிலர் சொல்லிவந்ததை, கருவி சாட்சி சொன்ன பின்னரே உலகம் நம்பியது.

இல்லத்துக்கு வந்து சேரும் செய்தி

கருவியின் சாட்சிக்கும் ஓர் எல்லை உண்டு. விழியசைவு, கனவு காண்பவர் அறிவோடு இருந்தார் என்பதைக் காட்டும். அவர் யாரைக் கண்டார், கண்டபோது மகிழ்ந்தாரா வருந்தினாரா என்பதை அவர் எழுந்து சொல்லித்தான் நாம் அறிய வேண்டும். இத்துணை வளர்ந்த அறிவியலும் இறுதியில் சொல்பவரின் வாய்மையையும் கேட்பவரின் பொறுமையையுமே நம்பி நிற்கிறது.

அந்தப் பொறுமை இல்லாத இடத்தில் என்ன நேரும் என்பதையும் ஆய்வாளர் அளந்திருக்கின்றனர். அமெரிக்காவில் 61 இளைஞர்கள் இரண்டு வாரங்கள் தம் கனவுகளையும் அன்றாட உறவையும் குறித்து வைத்தனர். அதன் முடிவு 2014இல் வெளியாயிற்று. தம் துணையைப் பற்றிப் பொறாமையூட்டும் கனவு கண்டவரிடம் மறுநாள் பூசல் மிகுந்தது. துணை தமக்குத் துரோகம் செய்வதாகக் கனவு கண்டோரிடம் பின்வந்த நாட்களில் அன்பும் நெருக்கமும் குறைந்தன. செய்யாத குற்றத்துக்கு, உறங்கிக்கொண்டிருந்த துணை தண்டனை பெற்றது என்றே இதற்குப் பொருள். கினானாவின் கை ஓங்கியதும் இவ்வாறுதான். அங்கே கனவு கண்டவர் அடிபட்டார்; இங்கே கனவில் தோன்றியவர் அன்பை இழக்கிறார். இரண்டிலும் கனவு வழக்காகவும் உறக்கம் சாட்சியாகவும் ஆகிவிட்டது.

தீய கனவைச் சொல்லாதே, புரண்டு படு, அது உனக்குத் தீங்கு செய்யாது என்ற அறிவுரையின் அருமை இப்போது விளங்கும். வீட்டில் ஒருவர் தம் துணையைக் குறித்துக் கலங்கத்தக்க கனவொன்று கண்டால், அதை வைத்துத் துணையை விசாரிக்கவும் வேண்டா, அண்டை அயலாரிடம் உரைக்கவும் வேண்டா. கனவு பகலில் நடந்ததன் சான்றாகாது. நல்ல கனவு கண்டால் அன்புடையோரிடம் மனம் திறந்து சொல்வோம். கூட்டியும் குறைத்தும் சொல்லாதிருப்போம். கனவில் தெளிந்திருக்கும் திறம் ஒருவருக்கு வாய்த்திருந்தால், அதை இறைவன் தந்த ஒரு விந்தையென்று கொள்ளலாம். அதைக் காட்டிப் பிறருக்கு வழிகாட்டியாகிவிட எவருக்கும் உரிமையில்லை.

கேட்போரின் கடமை இதனினும் பெரிது. காலையில் மனைவியோ கணவனோ, இரவில் கண்டதைத் தயங்கித் தயங்கிச் சொல்லத் தொடங்கும்போது, நாம் இரண்டு முன்னோடிகளில் ஒருவரைத் தேர்ந்துகொள்கிறோம். ஒருவர் கைபரில் கை ஓங்கினார். அந்தத் தழும்பே அவர் பெயரோடு வரலாற்றில் நிற்கிறது. மற்றவர் திர்மிதில் எழுதுகோலை எடுத்தார். அதனால்தான் பெயர் தெரியாத ஒரு மாதரசியின் கனவுகள் பதினோரு நூற்றாண்டுகள் கடந்து இன்று நம் கைக்கு வந்து சேர்ந்திருக்கின்றன.